ரைட்வுட் மலை வரைபடத்தில் தவறிப் படிக்கும் இடங்கள்

கலிஃபோர்னியாவின் சான் கேப்ரியல் மலையில், மொஹாவே பாலைவனத்தின் ஓரமாக, சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் ரைட்வுட். தெற்கே ஷீப் மவுண்டன் வனப் பாதுகாப்புப் பகுதி. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் 1:24,000 வரைபடத்தை எடுத்துக்கொண்டு இங்கே நடக்கக் கிளம்புகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே மாதிரியான இடங்களில்தான்.

முதலில் நீலக் கோடு. விட்டுவிட்டு வரும் கோடு என்றால் எப்போதாவது ஓடும் ஓடை. அதை நம்பித் தண்ணீர் எடுக்காமல் போவது ஒரு தவறு. வறண்டு கிடக்கிறதே என்று அதில் கூடாரம் அடிப்பது அதைவிடப் பெரிய தவறு. 1941 மே மாதத்தில் மலைமேல் இருந்த பனி உருகி, தளர்ந்த மண்ணும் பாறையும் சேறாகி, ஹீத் பள்ளத்தாக்கு வழியே பல நாட்கள் அலை அலையாக இறங்கின. அதற்கு அடைமழை தேவைப்படவில்லை. இந்த ஆபத்தை வரைபடமே காட்டிக்கொடுக்கும்: பள்ளத்தாக்குக்குள் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) மேல்நோக்கி மடிந்திருக்கும், அதன் வாயில் அவையே கீழ்நோக்கி விசிறிபோலப் புடைக்கும். பழைய சேறு படிந்து உருவான தரை அது. ஊரின் ஒரு பகுதி அதன்மேல்தான் நிற்கிறது.

பச்சை நிறத்தை அரசுக் காடு என்று எண்ணிவிடுகிறார்கள். அது மரமும் உயர்ந்த புதரும் உள்ள இடம், அவ்வளவே. தனியார் மனையும் பச்சையாக இருக்கலாம். நில உரிமையை வேறு ஆவணத்தில்தான் பார்க்க வேண்டும்.

இந்த மலைகளில் அடுத்தடுத்த சமஉயரக் கோடுகளுக்கிடையே உள்ள உயர வித்தியாசம் வழக்கமாக 40 அடி, அதாவது 12 மீட்டர். பத்து மீட்டர் செங்குத்துப் பாறை இரு கோடுகளுக்கிடையே காணாமல் போய்விடும். கைப்பேசியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அது தோன்றப் போவதில்லை!

பழைய தாள்கள் 1927-ஆம் ஆண்டின் ஆதாரத் தளத்தில், அதாவது இடங்களின் நிலையைக் கணக்கிடும் அன்றைய அடிப்படையில், வரையப்பட்டவை. ஜிபிஎஸ் கருவியின் அமைப்பை மாற்றாமல் அவற்றின் கட்ட எண்களை உள்ளிட்டால், புள்ளி சுமார் 200 மீட்டர் தள்ளி விழும். காந்த விலக்கத்துக்கும் (திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலான கோணம்) ஓரத்தில் அச்சான பழைய எண்ணை நம்ப வேண்டாம். இப்போது அது கிழக்கே ஏறக்குறைய 11 பாகை. கணக்கில் எடுக்காவிட்டால் ஒரு கிலோமீட்டருக்குள் 190 மீட்டர் விலகிவிடுவீர்கள்.

சைக்கிளில் போகிறவர்கள் பதிப்பாண்டையும் பாருங்கள். ஷீப் மவுண்டன் பாதுகாப்புப் பகுதி அறிவிக்கப்பட்டது 1984-இல். அதற்கு முந்தைய தாளில் அந்த எல்லை இருக்காது, உள்ளே சைக்கிளுக்கும் தடை.