வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓமும் வாட்டும் கண்டுபிடிப்பது எப்படி?

மல்டிமீட்டரில் (வோல்ட், ஆம்பியர், ஓம் எல்லாம் அளக்கும் கருவி) வோல்ட், ஆம்பியர் என்ற இரண்டு எண்களை அளந்துவிட்டால் மற்ற இரண்டும் கணக்கில் வந்துவிடும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஓமில். இரண்டையும் பெருக்கினால் மின்திறன், வாட்டில். முதல் கணக்கை ஜெர்மானியரான கியார்க் ஓம் 1827-இல் வெளியிட்டார். அலகுக்கும் அவர் பெயரே வந்துவிட்டது.

ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ரெசிஸ்டர் (கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்ன மின்தடை பாகம்) எடுத்துக்கொள்வோம்.

படி 1: வோல்ட். ரெசிஸ்டரைப் பேட்டரியோடு இணைத்த பிறகு, அதன் இரண்டு கால்களிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். பேட்டரியைத் தனியாக அளந்த எண் உதவாது. சுமை ஏறியதும் அது கொஞ்சம் இறங்கிவிடும். நமக்குக் கிடைத்தது 8.8 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: கரண்ட். ரெசிஸ்டரின் ஒரு காலைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை இணைக்க வேண்டும். கரண்ட் மீட்டருக்குள் புகுந்து போனால்தான் அளக்க முடியும். இதற்கு மீட்டரின் சிவப்பு வயரை ஆம்பியர் துளைக்கு மாற்றுவோம் இல்லையா? அளந்து முடித்ததும் பழைய துளைக்கே கொண்டுவந்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், அப்படியே வேறொரு பேட்டரியின் வோல்ட்டைப் பார்க்கப் போனேன். சின்னதாக ஒரு பொறி, மீட்டருக்குள் இருந்த பியூஸ் காலி. ஆம்பியர் துளையில் மீட்டர் கிட்டத்தட்ட வெறும் கம்பி மாதிரிதான். சரி, நம் அளவு 40 மில்லியாம்ப்.

படி 3: அலகை மாற்றுவது. புதிதாகப் பழகுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். 40-ஐ அப்படியே போட்டுப் பெருக்கினால் 352 வாட் வரும். அவ்வளவையும் அந்தச் சின்ன பேட்டரி எங்கேயிருந்து தரும்? மில்லியாம்பை 1000-ஆல் வகுத்துவிடுங்கள்: 0.04 ஆம்பியர்.

படி 4: மின்தடை. 8.8 ÷ 0.04 = 220 ஓம். ரெசிஸ்டர் மேல் சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்று பட்டைகள் இருந்தால் கணக்கு சரி; அந்த நிறங்கள் குறிப்பதும் 220 ஓமைத்தான். நான்காவது பட்டை தங்க நிறம் என்றால் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். 209 முதல் 231 வரை எது வந்தாலும் கவலை வேண்டாம்.

படி 5: மின்திறன். 8.8 × 0.04 = 0.352 வாட். சின்ன எண்தானே என்று விட்டுவிடாதீர்கள். சாதாரணமாகக் கிடைக்கும் கால் வாட் ரெசிஸ்டர் தாங்குவது 0.25 வாட்தான். இணைத்து வைத்துவிட்டுப் போனால் தொட முடியாத அளவுக்குச் சுடும், நாளடைவில் கருகும். அரை வாட் ரெசிஸ்டர் போடுங்கள்.

இதே கணக்கை 12 வோல்ட், 21 வாட் இழை பல்புக்குப் போட்டால் ஒரு வேடிக்கை. எரியும்போது 1.75 ஆம்பியர் இழுக்கும்; 12 ÷ 1.75 = கிட்டத்தட்ட 6.9 ஓம். அணைத்து, கழற்றி, ஆறிய பிறகு மீட்டரின் ஓம் பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒரு ஓமைக்கூட எட்டாது. மீட்டரும் பழுதில்லை, கணக்கும் தப்பில்லை. டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேற அதன் மின்தடையும் பல மடங்கு ஏறுகிறது. சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் இழை ஆறிக் கிடப்பதால் கரண்ட் தாறுமாறாகப் பாயும். பழைய பல்புகள் பெரும்பாலும் போடும்போதே பியூஸ் போவது அதனால்தான்.

அப்புறம், இவ்வளவும் பேட்டரிக் கணக்கு. ஏசி கரண்டில் ஓடும் மோட்டாருக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். அதைத் திறன் காரணியாலும் (அதில் எவ்வளவு பங்கு உண்மையான மின்திறன் என்று சொல்லும் எண்) பெருக்கினால்தான் வாட் கிடைக்கும்.