கர்நாடக வயலினுக்குக் கார்பன் ஃபைபர் வில் தேர்ந்தெடுப்பது எப்படி?

வர்ணங்களைக் கடந்து கீர்த்தனைகளுக்கு வந்துவிட்ட மாணவர்களின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது, "இனி நல்ல வில் வாங்கலாமா, அதைக் கார்பனாகவே வாங்கிவிடலாமா?" என்பதுதான். கோடைக்காலக் கல்யாணக் கச்சேரிகளின் வெயிலில் என்னுடைய மரவில்லின் வளைவு தளர்ந்த பிறகு நான் கார்பன் ஃபைபர் வில்லுக்கு மாறினேன். அதற்காகப் பல வில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, என் வயலினிலேயே வாசித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்போது கைக்கு வந்த முறையையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நம் சங்கீதத்துக்குக் கார்பன் வில் வாங்கும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயம் எடையும் அல்ல, பளபளப்பும் அல்ல, தண்டின் விறைப்புதான். விறைப்பு மிகுந்த வில் கடையில் கம்பீரமாகத் தோன்றும். வீட்டில் சுருதி சேர்த்து உட்கார்ந்தவுடன் அதே வில் தந்தியை அமுக்கிவிடும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்று நாம் பிடிக்கும் வில்லின் வடிவத்தை நிலைநிறுத்தியவர் பிரான்ஸ் நாட்டின் பிரான்சுவா சேவியர் தூர்த் (1747–1835). அவர் காலத்திலிருந்து நல்ல வில் என்றால் பிரேசிலின் பெர்னம்புகோ மரம் என்றே ஆகிவிட்டது. அந்த மரம் காடுகளில் அருகிப்போனதால், 2007ஆம் ஆண்டு முதல் அது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நல்ல பெர்னம்புகோ வில்லின் விலை எட்டாத உயரத்துக்குப் போனதற்கு இந்தத் தட்டுப்பாடு ஒரு முக்கியக் காரணம். அதே தொகைக்குக் கிடைக்கும் சுமாரான மரவில்லைவிட நல்ல கார்பன் வில் மேல் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: உண்மையான கார்பனா என்று பாருங்கள்

கடையில் "கார்பன்" என்று சொல்லித் தரப்படும் எல்லாமே ஒன்றல்ல. கண்ணாடியிழையால் செய்த வில்லும், கண்ணாடியிழையோடு கொஞ்சம் கார்பன் கலந்த வில்லும், முழுமையான கார்பன் வில்லும் ஒரே அலமாரியில் இருக்கும். தண்டின் மேல் தெரியும் கட்டம் கட்டமான நெசவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது பெரும்பாலும் அழகுக்காகச் சுற்றிய மேல் அடுக்கு மட்டுமே. வில்லுக்கு உயிர் தருவது உள்ளே நீளவாக்கில் ஓடும் இழைகளும் அவற்றைப் பிணைக்கும் எப்பாக்ஸி பிசினும்தான். ஆகவே தண்டு எதனால் ஆனது என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். குறிப்பே இல்லாத வில்லை விட்டுவிடுங்கள்.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி, "இதற்கு முடி மாற்ற முடியுமா?" என்பது. மலிவான சில வில்களில் முடியை முனைக்குள் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். முடி தேய்ந்ததும் அந்த வில்லின் ஆயுளும் முடிந்துவிடும். மரவில்லில் இருப்பதைப் போல முனையிலும் ஃபிராக்கிலும் (கைப்பிடிப் பக்கம் முடியைப் பிடித்திருக்கும் கட்டை) ஆப்பு வைத்து முடியை இறுக்கியிருந்தால் எந்தப் பழுது பார்ப்பவரும் மாற்றித் தருவார்.

இரண்டாம் படி: நீளம், எடை, நேர்த்தன்மை

முழு அளவு வயலின் வில் ஏறக்குறைய 74 முதல் 75 செ.மீ. நீளம் இருக்கும், எடை பொதுவாக 58 முதல் 62 கிராம். இதைவிட ஓரிரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் கவலை வேண்டாம், ஏனெனில் கை உணர்வது எடையைவிட அந்த எடை எங்கே இருக்கிறது என்பதைத்தான். வில்லை ஒரு விரலின் மேல் கிடத்திச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அது தண்டின் ஃபிராக் பக்க முனையிலிருந்து ஏறக்குறைய 24, 25 செ.மீ. தூரத்தில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். அந்தப் புள்ளி நுனியை நோக்கி அதிகம் தள்ளிப்போனால் 60 கிராம் வில்கூட முக்கால் மணி நேரத்தில் மணிக்கட்டை வலிக்கச் செய்யும்.

பிறகு முடியை வாசிக்கும் அளவுக்கு முடுக்கி, ஃபிராக் பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் தண்டின் நீளத்தைப் பாருங்கள். தண்டு இடமோ வலமோ ஒதுங்கினால் அந்த வில் வேண்டாம். மரவில்லைச் சூடு காட்டி நிமிர்த்தவும் மறுபடி வளைக்கவும் முடியும். கார்பனில் பிசின் ஒருமுறை இறுகிவிட்டதால் அந்த வைத்தியத்துக்கு இடமே இல்லை. வாங்கும் நாளில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் கடைசிவரை இருக்கும்.

மூன்றாம் படி: எல்லா வில்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்

ஒப்பீடு பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இரண்டு வில்களை எடுத்து மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்து, "இது இனிக்கிறது, அது கரகரக்கிறது" என்று சொல்பவர் பல சமயம் தண்டைப் பற்றிச் சொல்வதில்லை. முடியையும் ரோசினையும் முடுக்கத்தையும் பற்றித்தான் சொல்கிறார்.

முதலில் ரோசின், அதாவது முடி தந்தியைப் பற்றுவதற்காகத் தடவும் பிசின். புது வில்லின் முடியில் ரோசின் இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். அப்படியே தந்தியில் வைத்தால் காற்றுச் சத்தம்தான் வரும். வில் கெட்டது என்று திருப்பித் தந்துவிடாதீர்கள். ரோசின் கட்டியின் வழுவழுப்பான மேற்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, முடியின் முழு நீளத்துக்கும் பொறுமையாகத் தடவுங்கள், கொஞ்ச நேரம் வாசியுங்கள், மறுபடி தடவுங்கள். முடி தந்தியை ஒரே சீராகப் பற்றத் தொடங்கும்வரை எந்தத் தீர்ப்பும் சொல்லாதீர்கள். ஒப்பிடும் எல்லா வில்களுக்கும் ஒரே ரோசினைப் பயன்படுத்துங்கள். நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் வெளிர் நிறக் கெட்டி ரோசினையே நான் பரிந்துரைப்பேன். அடர்நிற ரோசின் மென்மையானது, சென்னை மே மாதத்தில் பிசுபிசுத்துவிடும்.

அடுத்தது முடுக்கம், இதுதான் நுட்பமானது. தண்டின் நடுப்பகுதிக்கும் முடிக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆரம்பப் புள்ளியாக அது சரி. ஆனால் விறைப்பான கார்பன் தண்டில் அந்த இடைவெளியைக் கொண்டுவர, மென்மையான தண்டுக்குத் தேவைப்படுவதைவிட முடியை அதிகம் இழுக்க வேண்டியிருக்கும். அதாவது கண்ணுக்கு இரண்டு வில்களிலும் இடைவெளி ஒன்றே. முடியின் இழுவிசையோ வேறு வேறு. விறைப்பான வில் துள்ளுவதும் கீச்சிடுவதும் பாதி இதனால்தான். ஆகவே பென்சில் இடைவெளியில் தொடங்கி, திருகைக் கால் சுற்று தளர்த்தி வாசியுங்கள். இன்னொரு கால் சுற்று தளர்த்தி வாசியுங்கள். சாதாரண அழுத்தத்தில் தண்டு தந்தியைத் தொட்டுவிடும் நிலை வந்தால் சற்றே திரும்ப முடுக்குங்கள். ஒவ்வொரு வில்லுக்கும் அதற்கே உரிய நல்ல நிலை ஒன்று கிடைக்கும். அந்த நிலையில் வைத்துத்தான் ஒரு வில்லை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டும். எவ்வளவு தளர்த்தினாலும் குழைய மறுக்கும் தண்டை நான் வாங்கமாட்டேன், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும்.

நான்காம் படி: தரையில் உட்கார்ந்து, உங்கள் சுருதியில் வாசியுங்கள்

கடையில் நின்றபடியோ நாற்காலியில் உட்கார்ந்தோ வாசித்துப் பார்ப்பது நமக்குப் பயன்படாது. சப்பணமிட்டு, வயலினின் சுருளை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கும்போது வலக்கையின் கோணம் முற்றிலும் வேறு. கடைக்காரரிடம் ஒரு பாய் கேட்பதில் கூச்சம் வேண்டாம். உங்கள் வயலினையும் உடன் கொண்டுபோங்கள்.

சுருதி இன்னும் முக்கியம். மேற்கத்திய முறையில் தந்திகளை ஜி, டி, ஏ, ஈ என்று சேர்ப்பார்கள். பெரும்பாலான வில்கள் அந்த முறுக்கத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நாம் 5 கட்டைக்கு (ஸட்ஜம் ஜி) சேர்த்தால் ஜி, டி, ஜி, டி என்று ஏ, ஈ ஆகிய மெல்லிய இரண்டு தந்திகளும் இறங்கிவிடும். 3 கட்டைக்கு (ஸட்ஜம் ஈ) சேர்த்தால் ஈ, பி, ஈ, பி என்று நான்குமே இறங்கிவிடும். இப்படித் தளர்ந்த தந்தியின் மேல் விறைப்பான தண்டு ஏறினால் நாதம் நசுங்கும். விறைப்பைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். வெளிநாட்டு விமர்சனங்களில் புகழப்படும் ஒரு வில் நம் கையில் ஏமாற்றம் தருவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

மத்திய ஸட்ஜத்தில் ஒரே வில்லில் முடிந்தவரை நீண்ட கார்வை (ஒரே ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது) பிடியுங்கள். நுனியின் கடைசி ஒரு சாண் தூரத்தில் நாதம் மெலிகிறதா, நடுங்குகிறதா என்று கேளுங்கள். அடுத்து ஸரளி வரிசையை மூன்று காலங்களிலும், தந்தி மாறும் இடங்களுக்காகத் தாட்டு வரிசையையும் வாசியுங்கள். பிறகு தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை நிதானமாக அசைத்துப் பாருங்கள்: இடக்கை ஆடும்போதும் வில் தந்தியோடு ஒட்டியே இருக்க வேண்டும், விறைப்பான தண்டு இந்த இடத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், கமகத்தின் (ஸ்வர அசைவின்) உச்சியில் ஓசை விட்டு விட்டு வரும். இறுதியாகக் கொஞ்சம் தானம் (தாளமில்லாமல், லயத்தோடு வாசிக்கும் ராக விரிவு). வில் வீச்சு ஒவ்வொன்றும் தனித்தனியாக, அதே சமயம் வெட்டுப்படாமல் விழுந்தால் அந்த வில் உங்களுக்குரியது.

வாசிப்பவர் காதுக்கும் கேட்பவர் காதுக்கும் வேறுபாடு உண்டு. உடன் வந்தவரைச் சில அடி தள்ளி உட்காரவைத்து, எந்த வில் என்று சொல்லாமல் வாசித்துக் கருத்துக் கேளுங்கள். கைப்பேசியில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எதை வாங்குவது?

அமெரிக்காவின் கோடாபோ நிறுவனத்தின் டயமண்ட் வரிசை வில்களில் விலை குறைந்த என்எக்ஸ் வகை, இடைநிலை மாணவருக்குப் போதுமானது என்பது என் கருத்து. ஜிஎக்ஸ் இன்னும் நுட்பமானது. கச்சேரி வாசிக்கத் தொடங்கியவருக்கே அது தேவைப்படும். ஜெர்மனியின் ஆர்க்கஸ் வில்கள் மிகவும் இலேசானவை. துரித காலத்தில் பறக்கும். ஆனால் கையின் பாரத்தால் நாதம் எடுத்துப் பழகிய நம் மாணவர்களுக்கு அவை உடனே வசப்படுவதில்லை. கண்ணாடியிழை வில்லை விளையாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வாங்குங்கள், கீழே விழுந்தாலும் தாங்கும். அட்டவணையில் இருக்கும் பெயரைவிட, ஒரே மாதிரியில் இரண்டு வில்களைக் கொண்டுவரச் சொல்லி வாசித்துப் பார்ப்பது மேல். தொழிற்சாலையில் செய்த வில்களிலும் ஒன்றுக்கொன்று சிறு வேறுபாடு இருக்கிறது.

பின்சேர்க்கை

இந்தப் பதிவைப் படித்த ஒருவர், கார்பன் தண்டு ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் அசையாதென்றால் வாசித்து முடித்ததும் முடியைத் தளர்த்தத் தேவையில்லைதானே என்று கேட்டிருந்தார். கட்டாயம் தளர்த்த வேண்டும். தண்டு அசையாது, முடி அசையும். குதிரைவால் முடி ஈரப்பதத்தில் நீளும், வறண்ட காற்றில் சுருங்கும். மார்கழியில் குளிரூட்டிய சபா அரங்குக்குள் போனதும் வில் தானாகவே முடுக்கிக்கொண்டதுபோல் ஆவது இதனால்தான். மேடை ஏறுவதற்குமுன் பெட்டியைத் திறந்து, அரங்கின் காற்றில் கொஞ்ச நேரம் வில்லை வைத்துவிட்டு, அதன்பிறகு முடுக்குங்கள்.

இன்னொருவர் திருகு சுற்றுகிறது, முடி இறுகவில்லை என்று எழுதியிருந்தார். ஃபிராக்குக்குள் இருக்கும் சிறிய பித்தளைக் கண்ணியின் மரை தேய்ந்திருக்கும். பழுது பார்ப்பவரிடம் மாற்றிக்கொள்ளலாம், செலவும் குறைவு. ஆனால் திருகின் மரை அளவு எல்லா வில்களுக்கும் ஒன்றல்ல என்பதால், கண்ணியை மட்டும் தனியாக வாங்கிவராமல் திருகோடு முழு வில்லையும் எடுத்துச் செல்லுங்கள்.