பீட்டா லினக்ஸுக்கு டிவிடி எழுதுவது எப்படி: தோட்டப் பட்டணத்து வீடுகளுக்கான செய்முறை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மலேசியாவின் சுங்கை சிப்புட், தாப்பா, லாபிஸ் போன்ற தோட்டப் பட்டணங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கிடையாது. அவற்றைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, லினக்ஸ் என்ற மாற்று இயக்குதளத்தைப் போடலாம். வரப்போகும் பதிப்பின் பீட்டாவை, அதாவது சோதனைப் பதிப்பை, போட்டுப் பார்ப்பதில் இன்னொரு பலனும் உண்டு. தமிழ் எழுத்து உடைவதும் தமிழ் விசைப்பலகை மக்கர் பண்ணுவதும் தமிழில் வேலை செய்கிறவர் கண்ணில்தான் படும். பீட்டா காலத்திலேயே சொன்னால் இறுதிப் பதிப்புக்குள் திருத்த வழியுண்டு.

ஆனால் வீட்டில் இருப்பது ஒரே கணினி, அதில்தான் பிள்ளையின் எஸ்பிஎம் தேர்வுக் குறிப்புகள், அல்லது தோட்டக் கிராணி வேலைக்கான செக்ரோல் (ஆள்பேர்) கணக்கு இருக்கிறது என்றால் அதில் பீட்டா வேண்டாம். டிவிடியிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறுவுவதற்கு ஓய்வாகக் கிடக்கும் இன்னொரு கணினியைத் தேடுங்கள்.

கோப்பும் அதன் அளவும்

ஒற்றை அடுக்கு டிவிடியின் மேல் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருக்கும். விண்டோஸ் அதையே ஏறத்தாழ 4.38 ஜிபி என்றுதான் காட்டும், கணக்கிடும் முறை வேறு. ஆகவே விண்டோஸில் ஐஎஸ்ஓ கோப்பின் (லினக்ஸ் முழுவதும் அடங்கி இறங்கும் ஒற்றைக் கோப்பு) அளவு 4.37 ஜிபியைத் தாண்டினால் அந்தத் தட்டில் கொள்ளாது. லினக்ஸ் வகைகளில் மின்ட் சுமார் 3 ஜிபி, தாராளமாகக் கொள்ளும். உபுண்டு 24.04 டெஸ்க்டாப் 5 ஜிபியைத் தாண்டிவிட்டது. அதற்கு 8.5 ஜிபி இரட்டை அடுக்குத் தட்டு வேண்டும். அதைத் தேடி அலைவதைவிட ரூஃபஸ் மென்பொருளால் பென்டிரைவில் எழுதிக்கொள்வது மேல். பென்டிரைவிலிருந்து தொடங்கத் தெரியாத பழைய கணினிக்கும், பல வீடுகளுக்குக் கைமாறப்போகும் பிரதிக்கும் டிவிடிதான் சரி. ஒருமுறை எழுதிய தட்டில் வைரஸ் ஏறாது.

இங்கே மின்ட் பீட்டாவை வைத்தே விளக்குகிறோம். இறுதிப் பதிப்புக்குச் சில வாரங்கள் முன்பு பீட்டா வெளிவரும். இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும் இடத்தில் கோப்பைத் துண்டு துண்டாக இறக்கும் டாரன்ட் வழியாக இறக்குங்கள். அறுந்த இடத்திலிருந்து தொடரும், வந்த ஒவ்வொரு துண்டையும் அதுவே சரிபார்த்துக்கொள்ளும்.

எப்படி இறக்கினாலும் கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 எண்ணைச் சோதிக்காமல் தட்டைத் தொடாதீர்கள். கணினியில் 7-ஜிப் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருள் இருந்தால் கோப்பின் மேல் வலது சொடுக்கி, 7-ஜிப் பட்டியலில் சிஆர்சி எஸ்ஹெச்ஏ, அதற்குள் எஸ்ஹெச்ஏ-256 என்று போங்கள். விண்டோஸ் 11-இல் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' தட்ட வேண்டியிருக்கலாம். வரும் 64 எழுத்தும் வெளியீட்டாளர் தரும் எண்ணோடு அப்படியே பொருந்த வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு கெட்டது என்று அர்த்தம். பட்டணத்தில் உறவினர் வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருகிறவர்கள் இந்தச் சோதனையை டிவிடி எழுதப்போகும் கணினியில், கோப்பு வந்து சேர்ந்த பிறகு செய்யுங்கள். எஜெக்ட் கொடுக்காமல் பென்டிரைவைப் பிடுங்கினால் கோப்பின் கடைசிப் பகுதி எழுதப்படாமல் போகும். அளவு சரியாகவே தெரியும், உள்ளே ஓட்டை இருக்கும்.

தட்டு, டிரைவ், வானிலை

பீட்டாவுக்கு டிவிடி+ஆர்டபிள்யூ வாங்கினால் அழித்து மறுபடி எழுதலாம். ஆனால் அதன் ஒளிபிரதிபலிப்பு குறைவு, தேய்ந்துபோன டிரைவ்கள் படிக்கத் திணறும். கணினி பழையது என்றால் டிவிடி-ஆர் அல்லது டிவிடி+ஆர் நல்லது. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வெயிலும் மழைச்சாரலும் பட்டுக் கிடந்த, உறையில்லாத தட்டுகளை எடுக்காதீர்கள். எழுத்தைத் தாங்கும் சாயப் படலத்துக்கு வெப்பமும் ஈரமும் ஆகாது. தட்டின் மேல் காகிதம் ஒட்டினால் சுழலும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்து வாசிப்புப் பிழை வரும். பெயரையும் தேதியையும் நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள், பால்பாயின்ட் வேண்டாம்.

குளிர்சாதனக் கடையிலிருந்தோ காரிலிருந்தோ கொண்டுவந்த தட்டின் மேல் நம் ஊர்க் காற்றில் நீராவி படியும். கால்மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுப் போடுங்கள். மடிக்கணினி டிரைவின் தட்டத்தை இழுத்தால் சிறு கண்ணாடி மணிபோல் லென்ஸ் தெரியும். அதில் மங்கல் இருந்தால் காற்றுப் பம்பால் ஊதுங்கள். போகாவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். அழுத்தினால் லென்ஸைத் தாங்கும் மெல்லிய கம்பிகள் வளைந்து டிரைவே போய்விடும்.

யூஎஸ்பி வழி டிவிடி டிரைவ் என்றால் ஹப்பில் சொருகாமல் நேராகக் கணினியிலேயே சொருகுங்கள். யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர்தான். வாசிப்பதற்குப் போதுமான மின்சாரம் எழுதும்போது போதாமல், பாதியில் டிரைவ் காணாமல் போகும். இரட்டைத் தலை கேபிள் இருந்தால் இரண்டு தலையையும் சொருகுங்கள்.

உபுண்டு பீட்டாக்கள் வரும் மார்ச்-ஏப்ரலும் செப்டம்பர்-அக்டோபரும் நமக்குப் பருவமழை மாறும் காலத்தை ஒட்டியவை. மதியத்துக்கு மேல் இடி இடித்து மின்சாரம் போனால் பாதி எழுதிய டிவிடி-ஆர் குப்பைதான். மேசைக்கணினியில் யூபிஎஸ் இல்லையென்றால் காலையில் எழுதிவிடுங்கள். மடிக்கணினியில் பேட்டரி நிறைந்திருக்கட்டும். வானம் இருண்டால் மின்கம்பியையும் மோடத்தையும் கழற்றிவிட்டே வேலையைத் தொடரலாம், எழுதுவதற்கு இணையம் தேவையில்லை.

எழுதுதல்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். ஐஎஸ்ஓ கோப்பைத் தட்டுக்கு இழுத்துப் போட்டு எழுதினால் கணினி அதிலிருந்து தொடங்காது. காரணம் எளிது. 1995-இல் பீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் வகுத்த எல் டோரிட்டோ முறைப்படி, தட்டின் 17-ஆம் செக்டரில் (தட்டைப் பிரித்திருக்கும் சிறு கட்டங்களில் ஒன்று) தொடக்கப் பதிவு இருக்கிறதா என்று கணினி பார்க்கும். ஐஎஸ்ஓ என்பது செக்டர் வரிசை மாறாத முழுத் தட்டின் பிரதி. அதை ஒரு சாதாரணக் கோப்பாக எழுதினால் அந்தப் பதிவு எங்கேயோ உள்ளே புதைந்துபோகும்.

விண்டோஸில் கோப்பை வலது சொடுக்கி 'பேர்ன் டிஸ்க் இமேஜ்' தேர்ந்து, 'வெரிஃபை டிஸ்க் ஆஃப்டர் பேர்னிங்' பெட்டியில் டிக் போட்டு எழுதலாம். 7-ஜிப்போ வின்ராரோ ஐஎஸ்ஓ வகையைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டிருந்தால் அந்த வரி தெரியாது. 'ஓப்பன் வித்' வழியாக 'விண்டோஸ் டிஸ்க் இமேஜ் பேர்னர்' எடுங்கள். இந்தக் கருவியில் வேகத்தை மாற்ற முடியாது. அதற்காகவே இம்க்பேர்ன் என்ற தட்டு எழுதும் மென்பொருளைப் பரிந்துரைக்கிறோம். அதை நிறுவும்போது கூடவே வேறு மென்பொருளைத் திணிக்கும் பெட்டிகள் வந்தால் டிக்கை எடுத்துவிடுங்கள். லினக்ஸில் எழுதுகிறவர்களுக்குப் பிரசேரோ, கே3பி இரண்டும் போதும்.

வேகம் 4எக்ஸ் வையுங்கள், 8எக்ஸைத் தாண்ட வேண்டாம். 1எக்ஸ் என்பது விநாடிக்குச் சுமார் 1.385 எம்பி, ஆகவே 3 ஜிபி கோப்புக்கு 4எக்ஸில் ஒன்பது பத்து நிமிடம், சரிபார்க்க மேலும் சில நிமிடம். மெதுவாக எழுதினால் நல்லது என்று 1எக்ஸுக்கு இறங்குவதும் சரியில்லை. 16எக்ஸ் தட்டின் சாயம் அவ்வளவு மெதுவான எழுத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

முடிந்ததும் தட்டைத் திறந்து பாருங்கள். கேஸ்பர், பூட், இஎஃப்ஐ என்ற கோப்புறைகள் தெரிந்தால் சரி. ஒரே ஓர் ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரிந்தால் மேலே சொன்ன தவறு நடந்திருக்கிறது. தட்டின் அடிப்பக்கத்தை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால், நடுவிலிருந்து வெளிநோக்கி எழுதிய பகுதி வேறு நிறத்தில் வளையமாகத் தெரியும். 3 ஜிபிக்கு அது பாதிக்கு மேல் வந்திருக்க வேண்டும். விரலகலத்தோடு நின்றிருந்தால் எழுத்து முழுமையாகவில்லை.

தொடங்குதலும் நிறுவலும்

கணினியை இயக்கியவுடன் தொடக்கப் பட்டியல் விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, அசுஸ் மடிக்கணினியில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பெரும்பாலும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் அதை இயக்கிவைக்க வேண்டியிருக்கும். டிவிடி இரண்டு பெயரில் தெரிந்தால், விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் இருக்கும் கணினியில் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பாதுகாப்பு மீறல் என்று செய்தி வந்தால் செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை அணைக்க நேரும். அதற்கு முன் விண்டோஸ் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குறியீடு இல்லாமல் அணைத்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால், உங்கள் கோப்புகளுக்கே நீங்கள் வெளியாள்.

டிவிடியிலிருந்து மேசைத்திரை வரச் சில நிமிடம் ஆகும், பதற வேண்டாம். நிறுவுவதற்கு முன் வைஃபை, ஒலி, மூடித் திறந்தால் விழிப்பது ஆகியவற்றைப் பாருங்கள். மின்ட் கேட்பது குறைந்தது 2 ஜிபி நினைவகம், 20 ஜிபி இடம். 4 ஜிபி இருந்தால்தான் வேலை ஓடும்.

நிறுவலில் 'இரேஸ் டிஸ்க்' என்பது உண்மையிலேயே முழு வட்டையும் அழிக்கும். கணினியில் இரண்டு வட்டு இருந்தால் பெயரைப் பார்க்காமல் ஜிபி அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸோடு சேர்த்து வைப்பவர்கள் முன்கூட்டியே விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'பை அணைத்து, அங்கேயே விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியை (பார்ட்டிஷன்) சுருக்கிவிட்டு வாருங்கள்.

நடுவில் நின்றால் திரையில் வரும் வரியைப் படியுங்கள். எஸ்ஆர்0 என்ற பெயரோடு ஐ/ஓ எரர் வந்தால் குற்றம் தட்டிலோ டிவிடி டிரைவிலோ. எஸ்டிஏ என்றால் வன்வட்டில். ஸ்குவாஷ்எஃப்எஸ் (தட்டில் லினக்ஸ் அடங்கிய சுருக்கக் கோப்பு) எரர் தொடர்ந்து வந்தாலும் முதலில் தட்டைச் சந்தேகியுங்கள். 'எர்நோ 5' என்று வரும் செய்தி தட்டைத் துடைக்க, குறைந்த வேகத்தில் எழுத, லென்ஸைச் சுத்தம் செய்ய, வன்வட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கணினியைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றவும் சொல்லும். அந்தக் கடைசி வரியை அலட்சியம் செய்யாதீர்கள். துத்தநாகக் கூரைக்குக் கீழே பிற்பகல் மூன்று மணிக்கு மெத்தைமேல் வைத்த மடிக்கணினி உண்மையாகவே நின்றுபோகும். பலகைமேல் வைத்து, விசிறி போட்டு, இரவில் முயலுங்கள்.

பிழை சொல்வது

விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99 கிடைக்கும். அஞ்சல் முறைக்குப் பழகியவர்கள் ஐபஸ் எம்17என் என்ற உள்ளீட்டுப் பொதியைச் சேர்த்தால் அதற்கு நெருக்கமான ஒலியியல் முறை வரும். கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ எழுதிப் பாருங்கள். பின்விசையைத் தட்டினால் எழுத்து எப்படி அழிகிறது, தமிழ்ப் பெயரிட்ட கோப்பு பென்டிரைவில் போய்த் திரும்புகிறதா, லிப்ரே ஆபீஸிலிருந்து பிடிஎஃப் எடுத்தால் கொம்பு இடம் மாறுகிறதா என்றும் பாருங்கள். மின்ட்டின் ஒவ்வொரு பீட்டாவுக்கும் கிட்ஹப் இணையதளத்தில் தனிப் பக்கம் திறப்பார்கள். அங்கே ஒரு குறிப்பில் ஒரே பிழை, என்ன செய்தீர்கள், என்ன வந்தது, கணினித் திரையின் படம் (ஸ்கிரீன்ஷாட்) ஒன்று. எளிய ஆங்கிலம் போதும். இறுதிப் பதிப்பு வந்ததும் புதிதாக டிவிடி எழுதத் தேவையில்லை, அப்டேட் மேனேஜர் வழியே அதே கணினி இறுதிப் பதிப்புக்கு ஏறிவிடும்.