லும்பினி போகிறீர்களா? திரும்பி வருவதிலிருந்து திட்டம் போடுங்கள்

2024 நவம்பரில் அப்பாவை நேபாளத்தில் இருக்கும் லும்பினிக்கு அழைத்துப் போனேன். அப்பா கோலார் தங்கவயல்காரர். தாத்தா காலத்திலிருந்தே பௌத்தக் குடும்பம். புத்தர் பிறந்த நாளான வைசாகப் பௌர்ணமிதான் எங்கள் வீட்டில் பெரிய நாள். புத்தர் பிறந்த மண்ணை ஒரு தடவை மிதித்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். போனதென்னவோ சுலபம். திரும்பி வருவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால் இந்தப் பதிவின் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். ரயில் டிக்கெட் எடுப்பது, பை கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்; அதற்குள் நான் போகவில்லை.

1. திரும்புவது தரைவழியா, விமானமா?

இதை முடிவு செய்யாமல் எந்த டிக்கெட்டும் எடுக்காதீர்கள்.

இந்தியர்களுக்கு நேபாள விசா தேவையில்லை. அதை மட்டும் கேட்டுவிட்டு, ஆதார் இருந்தால் போதும் என்று கிளம்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான். உத்தரப் பிரதேசத்தில் சுனௌலி என்கிற ஊர்தான் எல்லை. அந்தப் பக்கம் பேலஹியா. லாரி, ரிக்‌ஷா, காய்கறிச் சைக்கிள் எல்லாவற்றோடும் சேர்ந்து அப்பாவும் நடந்தே நேபாளத்துக்குள் போய்விட்டார். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

லும்பினி பார்த்துவிட்டு, காத்மாண்டுவில் பௌத்தநாத், சுயம்புநாத் ஸ்தூபிகள் இரண்டையும் பார்த்து, அங்கிருந்து டெல்லிக்கு விமானம். இதுதான் திட்டம். விமான நிலையக் கவுன்டரில் இருந்தவர் அப்பாவின் ஆதாரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பாஸ்போர்ட்?" இல்லை. "வோட்டர் ஐடி?" அது பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக இருக்கிறது. முடியாது என்று சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, விதி அப்படி. என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது, அப்பாவை விட்டுவிட்டு நான் மட்டும் ஏறவா முடியும்?

விதி இதுதான். இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையே விமானத்தில் போக பாஸ்போர்ட் வேண்டும், அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் இருப்பவர்கள் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் போல படம் உள்ள ஓர் அட்டையைக் காட்டலாம். 15 முதல் 18 வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளித் தலைமையாசிரியர் தரும் அடையாளச் சான்று செல்லும். அப்பாவுக்கு அப்போது 63. "உள்ளே வரும்போது நல்லவனாத் தெரிஞ்சேன், வெளியே போறப்ப மட்டும் என்னவாம்?" என்று பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆவணம் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு காத்மாண்டு இந்தியத் தூதரகம் ஒரு வழிப் பயணத்துக்கு அவசரச் சான்று தரும். ஆனால் அன்று சனிக்கிழமை. நேபாளத்தில் அது வார விடுமுறை நாள். டிக்கெட் பணம் போனது போகட்டும் என்று ராத்திரி பஸ் பிடித்து, மலை வளைவுகளில் உருண்டு, காலையில் மறுபடி அதே சுனௌலி. அப்பா மறுபடி நடந்தே இந்தியாவுக்குள் வந்தார். மறுபடி யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே என் கட்சி: தரைவழியாகவே போய் வந்தாலும், ஆளுக்கொரு வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ கையில் இருக்கட்டும். அசல்தான், நகல் இல்லை.

2. எந்த மாதம்?

அக்டோபர் பிற்பாதியிலிருந்து நவம்பர் முடிய நல்லது. பிப்ரவரி, மார்ச்சும் பரவாயில்லை. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் மூடுபனி; உத்தரப் பிரதேசத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். வைசாகப் பௌர்ணமிக்கே போக வேண்டும் என்றால் அது உங்கள் பக்தி. வருவது பெரும்பாலும் மே மாதத்தில், வெயில் 40 டிகிரியைத் தொடும்.

3. எல்லை வரை

ரயிலில் கோரக்பூர். கோவை, ஈரோடு, சேலம் பக்கத்து ஆட்களுக்கு ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் நேராகவே போகிறது, ஆனால் தினமும் கிடையாது. கோரக்பூரிலிருந்து சுனௌலி ஏறக்குறைய 100 கிலோமீட்டர், பஸ்ஸில் 3 மணி நேரம். ஷேர் ஜீப் வேண்டாம் என்பேன். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், நிரம்பிய பிறகும் இரண்டு பேரை ஏற்றும்.

அறை பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லை தாண்டி வரும் முதல் பெரிய ஊரை எல்லாரும் பைரஹவா என்பார்கள். அதன் அரசாங்கப் பெயர் சித்தார்த்தநகர். இந்தியப் பக்கத்திலும் சித்தார்த்தநகர் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. வரைபடத்தில் பெயரை மட்டும் பார்த்து நான் முதலில் அறை போட்டது இந்தியாவுக்குள். நல்லவேளை, ரத்து செய்ய அவகாசம் இருந்தது.

4. பணம்

இந்திய 100 ரூபாய்க்கு நேபாள 160. இந்த விகிதம் நிலையானது, யாரும் பேரம் பேசத் தேவையில்லை. 2018 டிசம்பரில் 100க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை நேபாள அரசு தடை செய்தது. இந்த மாதிரி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாய் நோட்டு எப்போதும் சிக்கல் தராது. வங்கியில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டேன், கடைசி வரை அதுதான் கைகொடுத்தது.

2024 மார்ச்சிலிருந்து நம் யுபிஐயை நேபாளக் கடைகளின் ஃபோன்பே கியூஆரில் பயன்படுத்தலாம் (நம்மூர் போன்பே வேறு, அது வேறு). ஆனால் செயலியில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்தை முன்னமே இயக்கி வைத்திருக்க வேண்டும், இணையமும் வேண்டும். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

5. பேலஹியாவிலிருந்து லும்பினி

எல்லையிலேயே டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மூன்று நான்கு பேர் என்றால் டாக்ஸி கட்டுப்படியாகும். இல்லையென்றால் ரிக்‌ஷாவில் பைரஹவாவின் புத்த சௌக் வரை போய், அங்கே லும்பினி பஸ் ஏறலாம். அங்கிருந்து சுமார் 22 கிலோமீட்டர்.

கைக்கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளி வைக்க மறக்காதீர்கள். நேபாள நேரம் நம்மைவிட அவ்வளவு முந்தியது. அப்புறம், பஸ் டிக்கெட்டில் வருஷம் 2081 என்று இருந்ததைப் பார்த்து அப்பா ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தார். அது நேபாள நாட்காட்டியான விக்ரம் சம்வத் கணக்கு. மாதமும் தேதியும்கூட நம்முடையது இல்லை. டிக்கெட் வாங்கும்போதே நம் கணக்கில் என்ன தேதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

6. லும்பினியில்

வளாகம் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் நீளம். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே 1978இல் போட்டுக் கொடுத்த திட்டம். நடுவில் கால்வாய், கிழக்கே தேரவாத விகாரைகள், மேற்கே மகாயான, வஜ்ரயான விகாரைகள் (மூன்றும் பௌத்தப் பிரிவுகள்). நடந்து தீராது. வாடகைச் சைக்கிள்தான் சரி. பெரியவர்களுக்கு இ-ரிக்‌ஷா.

தங்குவதற்குக் கொரிய விகாரையைச் சொல்வேன். யாத்திரிகர்களுக்கு அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் தருகிறார்கள். தட்டை நாம்தான் கழுவ வேண்டும். கிம்ச்சி (கொரியர்களின் புளிக்கவைத்த காய்) அப்பாவுக்கு ஊறுகாய் மாதிரி ஒட்டிக்கொண்டது.

புத்தரின் தாய் மாயாதேவியின் கோவிலுக்குள் செருப்பும் கேமராவும் கூடாது. புத்தர் பிறந்த இடத்தைக் குறிக்கும் கல் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், நிற்க விடமாட்டார்கள். அதனால் காலையில் சீக்கிரம் போங்கள்.

வெளியே அசோகர் தூண். பட்டம் சூடி இருபது ஆண்டுகள் ஆனபின் அசோகர் இங்கே வந்து வணங்கியதையும், சாக்கிய முனி (புத்தர்தான்) பிறந்த ஊர் என்பதால் லும்பினிக்கு வரிச் சலுகை தந்ததையும் அதில் பொறித்திருக்கிறார். மொழி பிராகிருதம், எழுத்து பிராமி. அப்பா ஓய்வு பெற்ற பிறகு தமிழி (தமிழ் பிராமி) எழுத்து வகுப்புக்குப் போனவர். வேலிக்கு வெளியே நின்று "லு... மி... னி" என்று கூட்டிப் படித்துவிட்டார். பக்கத்தில் இருந்த தாய்லாந்துக் கூட்டம் என்ன என்று புரியாமலே கைகூப்பியது. அந்த இடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் மேற்கே திலௌராகோட். புத்தர் வளர்ந்த கபிலவஸ்து என்று நேபாளத்தார் சொல்வது அதைத்தான். இந்தியத் தரப்பு உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் பிப்ரஹ்வாவைச் சொல்லும். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

பின்சேர்க்கை 1: நாங்களும் இப்படி எல்லை தாண்டலாமா என்று மலேசியாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நீங்கள் இந்தியக் குடிமகன் இல்லை என்றால் மேலே சொன்ன நடந்தே போகும் கதை உங்களுக்கு இல்லை. சுனௌலியில் இந்தியக் குடிவரவு அலுவலகத்தை நீங்களே தேடிப் போய் வெளியேறும் முத்திரை வாங்க வேண்டும், யாரும் நிறுத்திச் சொல்லமாட்டார்கள். மறுபடி இந்தியா வழியாகத் திரும்புவதாக இருந்தால் பலமுறை நுழையும் விசா அவசியம். இ-விசா என்றால் எந்தச் சாவடி வழியாக நுழையலாம் என்று பட்டியல் உண்டு. எல்லாத் தரைவழிச் சாவடியும் அதில் இல்லை. இலங்கை வாசகர்களுக்கும் இது பொருந்தும். நேபாள விசா எல்லையிலேயே கிடைக்கும். இலங்கையர்கள் சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் அவர்களுக்கு வருஷத்தில் முதல் தடவைக்குக் கட்டணம் இல்லை.

பின்சேர்க்கை 2: சொந்தக் காரில் போகலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போகலாம். எல்லையில் நேபாளச் சுங்கத்தில் பன்சார் என்கிற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், எத்தனை நாளோ அத்தனைக்குக் கட்டணம். ஒரு நாள் கூடுதலாகவே எழுதச் சொல்லுங்கள்.