கணினிப் பாட்டை ஸ்டீரியோவுக்கு அனுப்பும்போது எங்கே சொதப்புகிறோம்?

கணினியில் இருக்கும் பாட்டை வீட்டு வைஃபை வழியாக ஹாலில் உள்ள ஸ்டீரியோவுக்கு அனுப்புகிறீர்கள். பாட்டு விட்டுவிட்டு வருகிறது. பலரும் முதலில் சந்தேகப்படுவது இணைய வேகத்தைத்தான். உடனே பெரிய பிளானுக்கு மாறிவிடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிடி தரத்தில் வினாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), ஒவ்வொன்றும் 16 பிட், சேனல் இரண்டு. பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 1.4 மெகாபிட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டைச் சுருக்காமல் அனுப்பினாலும் 9.2 மெகாபிட்தான் ஆகும். அதோடு, பாட்டு உங்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே இருந்தால் அது இணையத்தின் பக்கமே போவதில்லை. கணினி, ரவுட்டர், ஸ்டீரியோவோடு இணைத்திருக்கும் வைஃபை ரிசீவர் என்று வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

ஆக, வேகம் தாராளமாக இருக்கிறது. அது இடைவிடாமல் வந்து சேர்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ரிசீவர் கொஞ்சம் பாட்டை முன்கூட்டியே வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்ளும். அந்தச் சேமிப்பு தீர்வதற்குள் அடுத்தது வராவிட்டால் பாட்டு அறுந்துபோகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இது அடிக்கடி நடக்கும். பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில்தான் முட்டி மோதுகின்றன. எங்கள் வீட்டில் ராத்திரியில் மட்டும் பாட்டு திக்கியது. சாஃப்ட்வேரை மாற்றினேன், ரிசீவரை ரீசெட் செய்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பார்த்தால் மைக்ரோவேவ் ஓடுகிற அந்த இரண்டு நிமிடம்தான்! 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. கணினியும் வைஃபை, ரிசீவரும் வைஃபை என்றால் ஒவ்வொரு துண்டுப் பாட்டும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது: கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, அங்கிருந்து ரிசீவருக்கு இன்னொரு முறை. இரண்டில் ஒன்றுக்கு மட்டுமாவது ஈதர்நெட் கேபிள் போட்டால் பாதிப் பாரம் குறையும். எது ஸ்டீரியோ பக்கமாக ஒரே இடத்தில் நிற்கிறதோ அதற்குப் போடுங்கள்; லேப்டாப் எப்படியும் ஊர் சுற்றும்.

சிலருக்குப் பாட்டு அறுவது இருக்கட்டும், ரிசீவரே கணினியில் தெரியாது. பெரும்பாலும் ஒன்று விருந்தாளிகளுக்கான கெஸ்ட் நெட்வொர்க்கிலும் மற்றது முதன்மை நெட்வொர்க்கிலும் இருக்கும். கருவிகள் ஒன்றையொன்று தேடிக் கூப்பிடும் குரல் அந்தச் சுவரைத் தாண்டாது. விண்டோஸில் வீட்டு வைஃபையைத் தெரியாமல் ‘பப்ளிக்’ என்று குறித்திருந்தாலும் ஃபயர்வால் இதே வேலையைக் காட்டும்.

அப்புறம் ஆம்ப்ளிஃபயர் பின்பக்கம். காலியாக இருக்கிறதே என்று ரிசீவரின் கேபிளை ‘ஃபோனோ’ துளையில் செருகிவிடாதீர்கள். அது ரெக்கார்டு பிளேயரின் ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலுக்கானது. வருவதைச் சுமார் 100 மடங்கு பெருக்கி, அடிநாதத்தை (பேஸ்) இன்னும் தூக்கிவிடும். ரிசீவரின் சிக்னல் அங்கே போனால் கேட்பது கரகரப்பும் உறுமலும்தான். ‘ஆக்ஸ்’, ‘சிடி’, ‘டியூனர்’ எதில் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

வால்யூமைக் கணினியில் பாதிக்குக் குறைத்துவிட்டு ஆம்ப்பில் ஏற்றுவதும் வழக்கமான தப்பு. பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும். கணினியில் முழுசாக வைத்து ஆம்ப்பில் கூட்டிக் குறையுங்கள். முதல் தடவை மட்டும் ஆம்ப்பின் வால்யூமை அடியில் வைத்துத் தொடங்குங்கள்.

கணினியின் மொத்த ஒலியையும் அனுப்பும் முறையில் மெயில் வந்த ‘டிங்’கும் ஹால் முழுக்க முழங்கும், நள்ளிரவில் ஒரு முறை கேட்டால் மறக்க மாட்டீர்கள். பாட்டை மட்டும் அனுப்பும் பிளேயரோ, ரிசீவரே கோப்பை எடுத்துக்கொள்ளும் டிஎல்என்ஏ முறையோ இதற்கு நல்லது. படம் பார்க்க இந்த வழியே வேண்டாம். முன்சேமிப்பால் ஒலி ஓரிரு வினாடி பின்தங்கி, உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்று ஆகும். படத்துக்கு நேரடி கேபிள்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் அரை மணி நேரத்தில் பாட்டு தானாக நின்றால் ரவுட்டரைத் திட்டாதீர்கள். கணினி தூங்கப் போயிருக்கும். திரை அணைவதில் தப்பில்லை, ‘ஸ்லீப்’பை மட்டும் நிறுத்தி வையுங்கள். லேப்டாப் என்றால் மூடியைச் சாத்தினாலும் அதே கதைதான், அந்த அமைப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.