பின்னால் முட்டிக்கொண்டு வரும் வண்டியிடம் செய்யக்கூடாதவை

எண்ணூர் விரைவுச் சாலையில் காலையில் ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். முன்னால் துறைமுகத்துக்குப் போகும் வண்டிகளின் வரிசை. வலதுபக்கக் கண்ணாடி முழுக்க ஒரு கண்டெய்னர் லாரியின் முகப்பு. அவர் அடிக்கிற ஹாரன் முதுகில் வந்து விழும். அந்த நேரத்தில் நாம் செய்கிற பாதிக் காரியங்கள் தப்பாகத்தான் இருக்கும்.

முதல் தப்பு, பிரேக் அடித்துக் காட்டுவது. தண்டையார்பேட்டைப் பக்கம் பையன்கள் இதை வீரமாகவே செய்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். பின்னால் வருபவர் நம் சிவப்பு விளக்கைப் பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்கே கிட்டத்தட்ட அந்த ஒரு விநாடி ஆகிவிடும். லாரியில் இருப்பது ஏர் பிரேக். காற்று சக்கரம் வரை போய்ப் பிடிக்க இன்னும் கொஞ்சம் நேரம். கண்டெய்னரும் சரக்கும் மட்டுமே 30 டன் வரை வரும். நமக்கும் அவருக்கும் நடுவில் இருப்பதோ ஒரு பைக் நீளம். இடைவெளி விட்டு வரவேண்டியது அவர் பொறுப்பு, சரி. காரணமில்லாமல் சடன் பிரேக் போடக்கூடாது என்பது நமக்கும் விதி.

பயந்து வேகம் கூட்டுவது அடுத்த தப்பு. கூட்டினால் அவரும் கூட்டுவார். முன்னால் இருந்த இடமும் போய், நடுவில் மாட்டிக்கொள்வோம். செய்யவேண்டியது இதற்கு நேர் எதிர். ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தளர்த்தி, முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் உள்ள இடைவெளியை இரண்டு மடங்காக்க வேண்டும். பின்னால் இருக்கிற இடம் நம் கையில் இல்லை, முன்னால் இருக்கிற இடம்தான் நம்முடையது. அது இருந்தால் முன் வண்டி திடீரென்று நின்றாலும் நாம் அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை; மெல்ல நிற்கலாம், பின்னால் வருபவருக்கும் நிற்க நேரம் கிடைக்கும். நடுவில் ஒரு ஆட்டோ புகுந்துவிடுமே என்பீர்கள். புகும். புகட்டும், மறுபடி தளர்த்துங்கள்.

சைடு கொடுப்பது நல்லதுதான். ஆனால் ஹாரன் கேட்டதும் சடக்கென்று இடதுபக்கம் ஒடிக்காதீர்கள். இந்தச் சாலையின் ஓரம் மணலும் தூசியும். விளக்கில்லாமல் நிற்கிற டிரெய்லர் இருக்கும், அதன் கதவைத் திறந்து கிளீனர் குதிப்பார். இண்டிகேட்டர் போட்டு, ஒரு தெருமுனையோ பெட்ரோல் பங்கோ வரும்வரை அதே கோட்டில் போய், அங்கே ஒதுங்குங்கள்.

கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டுவது, திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டுவது இரண்டும் வேண்டாம். யாராவது நிஜமாகவே துரத்தினால் வீட்டுத் தெருவுக்குள் போகாமல், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நிறுத்தி 112-ஐ அழையுங்கள்.

கடைசித் தப்பு, என்னுடையது. நம்மை வம்புக்கு இழுக்கத்தான் ஹாரன் அடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வது. ஒருநாள் திருவொற்றியூர் தாண்டி அப்படி ஒருவர் விடாமல் அடித்துக்கொண்டே வந்தார். துறைமுக வரிசையில் அவர் நின்றதும், கோபத்தோடு அவர் பம்பருக்கு முன்னாலேயே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போய்க் கேட்டேன்.

"ண்ணா, நீ இருந்ததே எனக்குத் தெரியாதுண்ணா. அந்த ஷேர் ஆட்டோவுக்கு அடிச்சேன்" என்றார்.

நான் நம்பவில்லை. "ஏறிப் பாருண்ணா" என்று சீட்டைக் காட்டினார். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நீளமாக வரிசை, அதற்கப்பால் கடல்கூடத் தெரிந்தது. பம்பருக்கு முன்னால் நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரைத்தான் காணோம்.