ஊருக்குப் போகும் பெட்டியில் எந்தக் காய்ச்சல் குளிசை?

ரிக்கெற் போட்ட அன்றே பட்டியல் வரத் தொடங்கிவிடும். சொக்லேற், சோப், ரோச் லைற், மாமியின் நாரி நோவுக்குப் பெரிய போத்தலில் அட்வில். மற்றதெல்லாம் உங்கள் பாடு, அந்த அட்விலைப் பற்றி மட்டும் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

நான் கடைசியாக யாழ்ப்பாணம் போனது ஒரு மார்கழி. மழை விட்டபாடில்லை, வளவெல்லாம் தண்ணீர், நுளம்பு என்றால் சொல்லி வேலையில்லை. போய் எட்டாம் நாள் இரவு நல்ல காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் குத்து, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி உழைவு. கனடாவில் என்ன செய்வேனோ அதையே செய்தேன், இரண்டு அட்வில் போட்டுப் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டேன். காலையில் சித்தி போத்தலைக் கண்டுவிட்டா. "டெங்கு நேரத்தில ஆரும் புருபன் போடுவினமோ? உனக்கென்ன விசரோ?" மூன்றாம் நாள் இரத்தம் சோதித்தால் டெங்குதான். பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது தொண்ணூறாயிரத்தில் நின்றது. நல்லகாலம், அதற்குப் பிறகு இறங்கவில்லை.

சித்தி ஏன் ஏசினா என்றால், டெங்குவில் இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் ஏற்கெனவே குறையும். இபுபுரோபன் (அட்வில், புருபன் இரண்டும் இதுதான்), டைக்ளோபெனாக், நப்ரோக்சன், அஸ்பிரின் எல்லாம் மிச்சமிருக்கிற பிளேட்லெட்டையும் ஒழுங்காக வேலை செய்ய விடாது, வயிற்றையும் அரிக்கும். உள்ளே இரத்தம் கசியத் தொடங்கினால் நிறுத்துவது பெரும்பாடு. அதனால் ஊரில் நிற்கும்போது காய்ச்சல் வந்தால், அது என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பரசிற்றமோல் மட்டும்தான். எலிக்காய்ச்சல் என்றாலும் இதே கதைதான். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்களும் போயின. எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தாக்குகிற வருத்தம், இந்தக் குளிசைகளும் போய் அதே இடத்தில்தான் கைவைக்கும்.

பெயரில்தான் எல்லோரும் தடுமாறுவது. கனடாவில் ரைலனோல், பிரான்சில் டொலிப்ரான், சுவிசில் டஃபால்கன், ஊரில் பனடோல், எல்லாம் ஒரே பரசிற்றமோல்தான் (கனடா மட்டையில் அசிற்றமினோபென் என்று இருக்கும், அதுவும் இதுவே). அட்வில், மோட்ரின், லண்டன்காரரின் நியூரோபென், ஊரில் சொல்லும் புருபன் இவை இபுபுரோபன். அலீவ் என்றால் நப்ரோக்சன், வோல்ட்டரன் என்றால் டைக்ளோபெனாக். இதை ஒரு துண்டில் எழுதிப் பாஸ்போட்டுக்குள் வையுங்கள், அல்லது போனில் படம் எடுத்து வையுங்கள்.

அளவு. வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் பனடோல் ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. டஃபால்கன், டொலிப்ரான் ஒரு கிராம் குளிசையாகவும் வருகிறது, அதில் நாளுக்கு நான்குதான். ஊர் ஆட்கள் "இரண்டு போடுங்கோ" என்பது 500 கணக்கில், நீங்கள் சுவிஸ் குளிசையில் இரண்டு போட்டால் இரட்டிப்பு. தடிமனுக்குக் கரைத்துக் குடிக்கும் நியோசிட்ரானுக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். ஈரல் வருத்தம் உள்ளவர்களும், கலியாண வீடு என்று நாலு நாளாகப் போத்தலோடு இருந்தவர்களும் இந்த அளவுக்கே போகக்கூடாது.

பிள்ளைகளுக்கு வயதை விட்டு நிறையைப் பாருங்கள், ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதுவும் ஆறு மணித்தியால இடைவெளியில். இங்கே ஒரு சிக்கல்: ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் பாணி மருந்தில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம், கனடா சிறுவர் ரைலனோலில் அதே 5 மில்லிலீற்றருக்கு 160. பழைய கரண்டிக் கணக்கை அப்படியே கொண்டுவந்தால் கூடும் அல்லது குறையும். 20 கிலோப் பிள்ளைக்கு 300 மில்லிகிராம், ஊர்ப் பாணியில் பன்னிரண்டரை மில்லிலீற்றர். பிள்ளைகளுக்கு டிஸ்பிரின் (அதுவும் அஸ்பிரின்தான்) எந்தக் காய்ச்சலுக்கும் வேண்டாம். அப்புறம், ஊரில் "நூற்றிரண்டு" என்றால் பதறாதீர்கள், அது பரனைற். நம்முடைய 39 பாகைதான் அது.

தனியார் டிஸ்பென்சரிக்குப் போனால் சின்னச் சின்னக் கடதாசிப் பைகளில் குளிசை தருவார்கள், பெயர் ஒன்றும் இருக்காது, "காலை 1 இரவு 1" மட்டும்தான். வெட்கப்படாமல் ஒவ்வொரு பையிலும் பெயரை எழுதித் தரக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தப் பையில் இருந்ததையும் போட்டு, கையிலிருந்த பனடோலையும் போட்டு மூன்று நாள் ஓடினார், இரண்டும் ஒன்றே. நோ குறைய ஊசி போடுவோம் என்றால் அது டைக்ளோபெனாக்கா என்று முதலில் கேளுங்கள், காய்ச்சலோடு போயிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் எவ்.பி.சி. (பிளேட்லெட் உட்பட இரத்த அணுக்களை எண்ணும்) இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் அதுவரை காத்திருக்க வேண்டாம். டெங்குவில் ஆபத்தே காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான், "சுகம் வந்திட்டுது, நல்லூருக்குப் போவம்" என்று வெளிக்கிடுகிற அதே நாள். வயிற்றுக் குத்து, ஓயாத சத்தி, முரசில் இரத்தம், கைகால் குளிர்ந்து சோர்வது, சலம் குறைவது, இதில் ஒன்று கண்டாலும் நேரே பெரியாஸ்பத்திரி. தனியார்தான் நல்லது என்று நேரத்தை விடாதீர்கள். குடிக்க ஜீவனி (தண்ணீரில் கரைக்கும் உப்புச் சீனித் தூள்), இளநீர், கஞ்சி. சிவப்பு, மண்ணிறப் பானம் வேண்டாம், சத்தி எடுத்தால் இரத்தமா சோடாவா என்று டொக்டர் குழம்புவார்.

சரி, மாமியின் அட்வில். அவவுக்குப் பிரஷர், சீனி, பிரஷருக்கு லொசாட்டன் குளிசை. அந்த உடம்பில் தினமும் அட்வில் போட்டால் பிரஷரும் ஏறும், சிறுநீரகமும் பழுதாகும். பூசுகிற வோல்ட்டரன் ஜெல் ஒன்று கொடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே சித்தாலேப தைலம் இருக்கிறது, மனதுக்கும் நிம்மதி. இதயத்துக்கு டொக்டர் எழுதின சின்ன அஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள், காய்ச்சல் வந்தால் கேட்டு முடிவெடுக்கட்டும்.

உங்கள் சொந்த மருந்தில் கோடீன், ட்ரமடோல் போன்ற கடும் நோ மருந்துகள் இருந்தால் டுபாய், டோகா வழியாகப் போகுமுன் அந்த நாட்டு விதியைப் பாருங்கள். டுபாயில் இவை கட்டுப்பாட்டு மருந்துகள், முன் அனுமதி வேண்டும். டொக்டரின் கடிதமும் மருந்து வந்த பெட்டியும் கையில் இருக்கட்டும்.

திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் ஃபுளூ என்று நினைத்து அட்விலை எடுக்காதீர்கள். இலங்கை போய் வந்தேன் என்று இங்குள்ள டொக்டரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள், அவருக்கு டெங்கு சட்டென்று நினைவுக்கு வராது.